செயலாளரின் ஆண்டறிக்கை: குசிந்தே படங்களும் அவற்றின் அடிக்குறிப்புகளும்

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நமது மானிடவியல் வாசகர் வட்டம் இந்த ஆண்டு முழுக்க ஒருவரையே எடுத்துக்கொண்டது: கத்தோலிக்கக் குருவும் மானிடவியல் பேராசிரியருமான மார்ட்டின் குசிந்தே. வட்டம் நடத்திய கண்காட்சிக்கு அவர் எடுத்த புகைப்படங்களைத் தேர்ந்தெடுக்க அதிக நாள் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் என்ன எழுதுவது என்பதில்தான் காலம் போனது.

வாழ்க்கைக் குறிப்புப் பலகை சிறியது. 1886இல் பிரெஸ்லாவில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. இறைவார்த்தைச் சபையில் சேர்ந்து 1911இல் குருப்பட்டம் பெற்றார். 1912இல் சிலி சென்று, சாந்தியாகோவில் ஆசிரியராகவும் அருங்காட்சியகத்திலும் பணியாற்றினார். 1918 முதல் 1924 வரை தென் அமெரிக்காவின் தென்கோடித் தீவுக்கூட்டமான தியெரா தெல் ஃபுவேகோவுக்கு நான்கு முறை பயணம். 1949 முதல் 1957 வரை வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1969இல் ஆஸ்திரியாவில் காலமானார்.

சிக்கல் இனப்பெயரில் தொடங்கியது. உடலில் வண்ணம் பூசியவர்கள் எல்லோரையும் முதல் வரைவு 'ஓனா' என்றது. அது அந்தத் தீவுகளின் பூர்வகுடிகளில் ஒருவரான செல்க்னாம் மக்களுக்கு அண்டை இனத்தார் வைத்த பெயர், அதை நீக்கிவிட்டோம். அதோடு சில படங்களில் இருந்தவர்கள் செல்க்னாம்களே அல்லர், அதே பகுதியில் தோணியில் வாழ்ந்த யாமனாக்கள். முடி வெளிப்பக்கம் இருக்கும்படி குவனாக்கோ என்ற ஒட்டக இன விலங்கின் தோலைப் போர்த்தி, நெற்றியில் முக்கோணத் தோல்பட்டை கட்டியிருந்தால் செல்க்னாம் வேட்டைக்காரர். மரப்பட்டைத் தோணியும் கடற்கரையும் தெரிந்தால் பெரும்பாலும் யாமனா. முகமூடி மட்டும் தெரியும் படங்களில்தான் கண் ஏமாறும். செல்க்னாம்களின் முகமூடிச் சடங்கான ஹைனைப் போன்ற 'கினா' என்ற சடங்கு யாமனாக்களிடமும் உண்டு. எனவே குசிந்தேயின் நூல் தொகுதியில் அந்தப் படம் எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று பார்க்காமல் குறிப்பு எழுதுவதில்லை என முடிவாயிற்று.

1923இல் குசிந்தே கலந்துகொண்ட ஹைன், இளைஞர்களைப் பெரியவர்களாக ஏற்கும் செல்க்னாம் ஆண்களின் தீட்சைச் சடங்கு. 'ஷோர்ட்' போன்ற ஆவிகளாக வருபவர்கள் ஆண்கள்தாம். அது பெண்களுக்குத் தெரியக்கூடாத ரகசியம். 'ஆவி' என்று மட்டும் எழுதினால் வேடமிட்ட ஆள் மறைந்துபோகிறார். 'ஷோர்ட் வேடத்தில் ஒருவர்' என்று எழுதினோம். கூம்பு வடிவ மரப்பட்டை முகமூடியும், முகத்தோடு ஒட்டிய தோல் முகமூடியும் வெவ்வேறு வகை. அவற்றைத் தனித்தனிச் சுவரில் மாட்டினோம்.

குசிந்தே களத்தில் செய்த ஒலிப்பதிவுக்கு ஒரு பலகை போதுமானதாக இருந்தது. மெழுகு உருளையில் சில நிமிடங்களே பதியும்; ஊசி ஓட ஓட மெழுகு தேயும். அதனால்தான் பெர்லின் ஒலி ஆவணகத்தில் உருளைகளுக்குச் செம்பு அச்சு எடுத்தார்கள்.

குறையையும் மறைக்கவில்லை. அளவுகோல் வைத்து மனிதர்களின் தலையையும் உடலையும் அளந்த பணி அவருடையதும்தான். அந்தப் படங்களைத் தனியே பிரித்து விளக்கம் சேர்த்தோம். தெமாவுகெல் என்ற செல்க்னாம் தெய்வத்தை ஆதி ஏகக் கடவுளாக அவர் வாசித்த இடத்தில், களப்பணியாளரைவிட மனிதரின் முதல் மதம் ஒரே கடவுளை வணங்குவதே என்ற, அவருடைய குருநாதர் வில்ஹெல்ம் ஷ்மித்தின் கோட்பாடே உரக்கப் பேசுகிறது என்பது செயற்குழுவின் கருத்து. விவாதம் சூடாகவே நடந்தது.

கடைசித் திருத்தம் நுழைவாயில் பலகையில். 'அழிந்துபோன இனம்' என்று அச்சாகியிருந்தது. செல்க்னாம்களை வாழும் பூர்வகுடியாகச் சிலி 2023இல் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. பலகையை மறுபடி அச்சடித்தோம். அந்தச் செலவு பொருளாளர் அறிக்கையில் தனி வரியாக இருக்கிறது.