ஆச்சி பாட்டின் மூன்றாவது ட்ராக்

செங்கோட்டை,
ஆனி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். சாரல் தொடங்கிவிட்டது. நீ அனுப்பும் பணம் மாதம் தவறாமல் வந்து சேருகிறது; பணத்தைத் தவிர வேறொன்றும் வருவதில்லை என்று உன் அம்மா சொல்வதை நான் இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. நான் எழுத உட்கார்ந்தது, இசைக் கருவியும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி இணைப்பைப் பற்றி மட்டுமே.

நீ விட்டுச்சென்ற பழைய மடிக்கணினியைச் சித்திரையில் எடுத்து, அதிலிருந்த லினக்ஸில் கை வைக்காமல், கடை மேசையில் வைத்தேன். தென்காசியில் கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவிடமிருந்து, பின்புறம் இன், அவுட், த்ரூ என மூன்று துளைகள் உள்ள கீபோர்டு ஒன்றையும் மலிவாக வாங்கினேன். துளைகளைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். பழைய டேப்ரிக்கார்டர்களில் நான் எத்தனையோ முறை பற்றவைத்த அதே ஐந்து முள் டின் (DIN) சாக்கெட்! 1983இல் மிடி வந்தபோது புதிதாக ஒன்றைத் தேடாமல் இதையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். செய்தி 4, 5 ஆகிய இரண்டு முட்களில்தான் ஓடுகிறது; நடு முள் கம்பியின் உறைக்கு, மற்ற இரண்டும் சும்மா. வாங்கும் பக்கத்தில் ஓர் ஆப்டோகப்ளர் இருப்பதால் செய்தி வெளிச்சமாகத் தாண்டிப் போகிறது. இரு கருவிகளின் எர்த்தும் ஒன்றோடொன்று ஒட்டாது, இரைச்சல் வராது. இதை வடிவமைத்தவர்கள் கையில் பற்றவைக்கும் கோல் பிடித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் கீபோர்டைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி கம்பி என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. அதில் 'இன்' என்று எழுதியிருந்த முனையைக் கீபோர்டின் இன் துளையில் செருகியிருந்தேன். அந்த எழுத்து கீபோர்டைக் குறிக்கவில்லை, கம்பி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது என்று பிறகுதான் புரிந்தது. அவுட்டிலிருந்து இன்னுக்குத்தான் போக வேண்டும் என்பதை நீயும் நினைவில் வைத்துக்கொள். அடுத்து, கணினியில் உள்ள மிடி வழிகளைக் காட்டும் ஏகனெக்ட் கட்டளை தந்த பட்டியலில் 14ஆம் எண்ணில் 'மிடி த்ரூ' என்று இருந்ததைக் கீபோர்டின் துளை என்று நம்பி, ரோஸ்கார்டன் என்னும் இசை மென்பொருளை அதோடு இணைத்துவிட்டு, கம்பியின் விளக்கு ஏன் சிமிட்டவில்லை என்று ஓர் இரவு முழுக்க விழித்திருந்தேன். அது கணினிக்குள்ளேயே சுற்றிவரும் வெறும் வழி; கம்பி 24ஆம் எண்ணில் இருந்தது. கருவியை முதலில் இயக்கி, கம்பியைச் செருகி, அதன் பிறகே மென்பொருளைத் திற. நீ இப்போதும் வாசிக்கிறாய் என்றால் இது உதவும். வைகாசியில் உன் அறைக்கு வந்துபோன அக்கா, அங்கே கருவி எதுவும் இல்லை என்றும், நீ இரவில் தூங்குவதில்லை என்றும் சொன்னாள். அவள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

எல்லாம் சரியானதும் நீ அப்போது செய்து வைத்த 'ஆச்சி பாட்டு' கோப்பைத் திறந்தேன். உன் நோட்டில் ஆர்மோனியத்துக்கு 20 என்று எழுதியிருந்தாய். நானும் 20ஐ அழுத்தினேன், மாதா கோயில் ஆர்கன் முழங்கியது. மிடிச் செய்தி 0 முதல் 127 வரை எண்ணுகிறது, கீபோர்டின் திரையோ 1 முதல் 128 வரை எண்ணுகிறது என்று கண்டுபிடித்து 21ஐ வைத்த பிறகு ஆர்மோனியம் வந்தது. அந்த வயதில் இவ்வளவு ஒழுங்காக நோட்டு எழுதிய பிள்ளை இந்தத் தெருவிலேயே வேறு யாரும் இல்லை. அதே பிள்ளை, வெளிக் கருவியின் ஒலியைத் திரும்பக் கணினிக்குள் வாங்கி ஓர் ஆடியோ ட்ராக்காகப் பதிந்து வைக்கத் தவறிவிட்டாய். எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது விட வேண்டும் என்னும் கட்டளைகள் மட்டுமே இந்தக் கோப்பில் இருக்கின்றன. ஓசை என்று ஒரு துளிகூட இதில் இல்லை. ஓசை முழுவதும், நீ அப்போது வைத்திருந்த வெளிக் கருவியான அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. பதிந்து வைத்திருக்க வேண்டும், தம்பி.

உன்னைக் குறை சொல்லி எழுதிய இந்த வரியை அடிக்கலாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். அடிக்கவில்லை, அதற்குக் கீழே எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். அக்கா கல்யாணத்து ஆவணியில், சாரல் தண்ணீர் இறங்கி அந்தப் பெட்டியின் போர்டு போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன். போர்டு நன்றாகத்தான் இருந்தது. புனலூர்க்காரரிடம் அதை விற்றுவிட்டேன். கல்யாணச் செலவுக்கு என்று உன் அம்மாவிடம் சொன்ன அந்தப் பணம் ஆறு மாதம் பணப்பெட்டியில் அப்படியே கிடந்தது. உன்னைக் கச்சேரிப் பையன் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். நான் திறந்து பார்த்துச் சரிசெய்ய முடியாது என்று சொன்னால் நீ மறுபேச்சில்லாமல் நம்புவாய் என்று தெரிந்தே சொன்னேன். நீயும் வேறு எந்த மெக்கானிக்கிடமும் கேட்கவில்லை. போன மாதம் கொல்லம் வண்டி ஏறிப் புனலூர் போய்க் கேட்டேன். பெட்டி கை மாறிவிட்டது, யாரிடம் என்று அவருக்கே தெரியவில்லை.

மீதி இருப்பது மூன்றாவது ட்ராக் மட்டும்தான். ஆச்சி இழுத்துப் பாடுவதை நீ சுரத்தை ஏற்றி இறக்கும் வளைவுச் சக்கரத்தால் வாசித்திருக்கிறாய். வளைவின் அளவு 0 முதல் 16,383 வரை கோப்பில் இருக்கிறது, நடு 8,192. ஆனால் உச்சி வரை வளைத்தால் எத்தனை அரைச்சுரம் ஏற வேண்டும் என்பதை வாங்கும் கருவியின் அமைப்புதான் முடிவு செய்கிறது. இந்தக் கீபோர்டில் அது 2 என்று இருக்கிறது. அதில் பாட்டு முனகுகிறது. 12 வைத்தால் அலறுகிறது. 5 வைத்தபோது இரண்டாவது அடியில் ஒரு கணம் ஆச்சி வந்தது போல் இருந்தது. உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். மறுபடி வாசித்தபோது வரவில்லை.

அந்தப் பெட்டியில் நீ எத்தனை வைத்திருந்தாய்? பேச நேரமில்லை என்றால் பேச வேண்டாம், அந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்பு. இரவு பதினோரு மணி வரை கடையில்தான் இருக்கிறேன்.

உன் அப்பா