வாயால் சாப்பிடாதவருக்கும் பல் துலக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைத் தொற்று பற்றிய தங்கள் கட்டுரையில் கை கழுவுவது, ஊசி, சிறுநீர்க் குழாய் எல்லாம் வந்துவிட்டன. நோயாளியின் வாயை மட்டும் காணோம்.

சென்ற மாதம் என் அண்ணன் பக்கவாதத்தில் விழுந்து ஒரு மருத்துவமனையில் கிடந்தார். ஐந்தாம் நாள்தான் என்னால் போக முடிந்தது. உதடு வெடித்திருந்தது, நாக்கில் பழுப்பாக ஏடு. டார்ச் அடித்துப் பார்த்தால் மேல் பல்செட் அப்படியே வாயில் இருக்கிறது! கழற்றினேன். விழுந்த அன்று தின்ற சட்னியின் தக்காளி விதை அடியில் ஒட்டியிருந்தது. "மூக்குக் குழாயில்தானே கஞ்சி போகிறது, வாயில் என்ன அழுக்கு சேரும்?" என்றார் அண்ணி. அவரை எப்படிக் குறை சொல்வது? முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்த நானே, வேலை நெருக்கிய நாள்களில் முதலில் தள்ளிப்போட்டது வாய் சுத்தத்தைத்தான். ஊசி போடாவிட்டால் டாக்டர் கேட்பார். பல் துலக்காவிட்டால் யார் கேட்கிறார்கள்?

மென்று தின்னும்போது ஊறும் எச்சில்தான் வாயைக் கழுவுகிறது. தின்பது நின்றால் எச்சிலும் வற்றுகிறது; பல்லில் படியும் அழுக்கில் சில நாள்களுக்குள் மருத்துவமனைக் கிருமிகள் குடியேறிவிடுகின்றன. சரியாக விழுங்க முடியாதவருக்கு அந்த எச்சில் சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் இறங்கும். அண்ணனுக்கும் நிமோனியா வந்தது. இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகம் விடவில்லை. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடத்திய ஆய்வில், வாய்ப் பராமரிப்பு பெறாதவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு நிமோனியா வந்தது. பெற்றவர்களில் 11 பேருக்குத்தான்.

எங்கள் காலத்தில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தில் பஞ்சை நனைத்துத் துடைப்போம், அதோடு கடமை முடிந்தது. 2022இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலோ, வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு அந்த மருந்து வேண்டாம், பிரஷ்ஷால் துலக்குங்கள் என்கிறது. பல்லில் ஒட்டியதைத் தேய்த்துத்தானே எடுக்க வேண்டும்!

அதற்காக உறவினர்கள் தாங்களாகவே வாயில் தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது; புரையேறினால் ஆபத்து. தலைப்பக்கம் உயர்த்தி, லேசாக நனைத்த மென்மையான பிரஷ்ஷால் துலக்கி, ஊறும் நீரை சக்‌ஷனில் உறிஞ்சி எடுக்க வேண்டும். முதல் முறை செவிலியர் செய்து காட்டட்டும். பல்செட்டை அட்மிஷன் அன்றே கழற்றி வாங்கிவிட வேண்டும். காய்ச்சலும் ரத்த அழுத்தமும் குறிக்கும் தாளில் 'வாய்' என்று ஒரு கட்டம் போட்டால் போதும், கேட்பதற்கு ஆள் வந்துவிடும்.

வாங்கி வரச் சொல்லி மருத்துவமனையினர் அண்ணியிடம் கொடுத்த சீட்டில் டயப்பர், கையுறை, டிஷ்யூ, பவுடர் உட்பட ஒன்பது சாமான்கள் இருந்தன. எதிர்க்கடையில் குழந்தைகளுக்கான பிரஷ் ஒன்றும் பல்செட் போட்டுவைக்க மூடியுள்ள டப்பா ஒன்றும் நானாகத்தான் வாங்கி வந்தேன். அந்தச் சீட்டை அச்சடிப்பவர்கள் இவ்விரண்டையும் சேர்ப்பார்களா?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
கும்பகோணம்