எல்லாவற்றுக்கும் தர்மசங்கடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் ஒரே நாள் பதிப்பில் மூன்று இடங்களில் 'தர்மசங்கடம்' என்ற சொல்லைப் பார்த்தேன். விளையாட்டுப் பக்கத்தில் ஓர் அணிக்குத் 'தர்மசங்கடமான தோல்வி'. சினிமாப் பக்கத்தில், மேடைப் படியில் கால் தடுக்கிய நடிகைக்குத் தர்மசங்கடம். நகரச் செய்தியில், மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தை மாதக்கணக்கில் மூடாமல் விட்ட அதிகாரிகள், ஏன் என்று கேட்டபோது 'தர்மசங்கடத்தில் நெளிந்தனர்'.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழைத்தவன் நான். பார்வை மங்கிவிட்டது, பழக்கம் போகவில்லை. மூன்றையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். "இதற்கெல்லாமா கடிதம் எழுதுவார்கள்?" என்றாள் மனைவி. இதற்குத்தான்.

இரண்டு கடமைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வதுதான் தர்மசங்கடம். சங்கடம் என்ற வடசொல்லுக்கு இடுக்கு, நெருக்கடி என்பதே அடிப்படைப் பொருள். சங்கடஹர சதுர்த்தியன்று பிள்ளையார் கோயில் வரிசையில் நிற்பவர்கள் கூச்சம் தீரவா நிற்கிறார்கள்? தங்கை மகள் திருமணமும், கஷ்ட காலத்தில் கைகொடுத்த முதலாளி வீட்டுத் திருமணமும் ஒரே முகூர்த்தத்தில் வருகின்றன. ஒன்று தாம்பரத்தில், மற்றது திருவொற்றியூரில். அது தர்மசங்கடம். எந்தப் பக்கம் போனாலும் ஒரு கடமை தவறும். பள்ளம் தோண்டியவர் எதிரே இரண்டு தர்மங்களா நின்றன? ஒன்றே ஒன்று நின்றது, அதையும் செய்யவில்லை. அவருக்கு வந்திருக்க வேண்டியது வெட்கம். அங்கே தர்மசங்கடம் என்று அச்சிட்டால், பாவம், ஏதோ நல்ல மனிதர் இக்கட்டில் சிக்கிவிட்டார் என்று வாசிப்பவருக்கு இரக்கம் வந்துவிடுகிறது. மற்ற இரண்டையும் விட்டுவிடலாம், இதை என்னால் விட முடியவில்லை.

வள்ளுவர் நாணுடைமை என்று 102ஆம் அதிகாரமே வைத்து, முதல் குறளிலேயே வகை பிரித்துவிடுகிறார். தகாத செயலைச் செய்ததற்காக நாணுவதே நாணம். மகளிர்க்கு உரியதென்று சொல்லப்படும் நாணம் வேறு. 'கருமத்தான் நாணுதல்' என்ற இரண்டு சொற்களை உங்கள் நகரச் செய்திப் பிரிவின் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

தோற்ற அணிக்குத் தலைகுனிவு போதும். படுதோல்வி என்றால் மானக்கேடு என்றே எழுதுங்கள், ரசிகர்கள் கோபிக்க மாட்டார்கள். நடிகை எழுந்து நின்று சிரித்தாராம். அசடு வழிந்தார் என்றால் காட்சி கண்முன் வந்துவிடும். அதிகாரிகளுக்குக் கூச்சம் என்று எழுதினால் அதுவும் பொருந்தாது. பல் கூசுகிறது, வெயிலில் கண் கூசுகிறது, விலாவில் விரல் பட்டால் கூசுகிறது, புதியவர் முன் வாய் திறக்கவும் கூசுகிறது. எதற்கும் நம்மிடம் அனுமதி கேட்பதில்லை, உடம்பு தானே சுருங்கிக்கொள்கிறது. தவறே செய்யாதவருக்கும் வருவது கூச்சம்.

பெயர் வைக்கத் திணறும் இடமும் உண்டு, மறுக்கவில்லை. சில மாதங்களுக்கு முன் அரசினர் தோட்டம் நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறினேன். கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து, "உட்காருங்கள் தாத்தா" என்றாள். அதுவரை எல்லாருக்கும் நான் 'சார்'. நன்றி சொல்லி உட்கார்ந்தவன் சைதாப்பேட்டை வரை நிமிரவில்லை. வெட்கப்பட நான் எதுவும் செய்யவில்லை. அவமானம் என்றால் அந்தப் பெண்ணின் நல்ல மனதுக்கு அடுக்காது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சிகள், எட்டு. அவற்றில் ஒன்றான இளிவரல், அதாவது தாழ்ந்துபோனோம் என்ற உணர்வு, நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. மூப்புதான் முதலில்! நாளிதழில் இளிவரல் என்று எழுதச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

தங்கள் அலுவலகத்தில் புரூஃப் பார்க்க இன்னும் ஆள் இருந்தால், தயவுசெய்து அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஐந்நூறு திருமண அழைப்பிதழ்களில் 'மணமக்கள்' என்பது 'மணமாக்கள்' என்று அச்சாகிப் போனது. ஒரு கால் கூடியதில் மக்கள் மாக்களாகிவிட்டார்கள், அதாவது விலங்குகளாகிவிட்டார்கள். புரூஃபில் கையெழுத்துப் போட்டவன் நான். பெண்ணின் தகப்பனார் தமிழாசிரியர். அவர் திட்டியிருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பேன். அவரோ ஒரு வார்த்தையும் பேசாமல், அச்சகத்தின் பெஞ்சிலேயே உட்கார்ந்து, பிளேடு ஒன்று கேட்டு வாங்கி, முதல் அழைப்பிதழிலிருந்த காலைச் சுரண்டத் தொடங்கினார். நான் இன்னொரு பிளேடு எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். முடிக்க இரவு பத்து மணி ஆயிற்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் திருத்துநர்,
திருவல்லிக்கேணி, சென்னை-5.