இரண்டு சிலிண்டர்களும் ஒரு சிவப்புக் குறியும்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் இங்கே நலம். இழுத்துச் செல்லும் வீட்டில் நள்ளிரவில் எரிவாயு தீர்ந்துபோனால், பனியில் யார் இறங்கிப் போய் சிலிண்டரை மாற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் சொல்லி விளங்கவைக்கக் கூடிய விஷயமாக அது இல்லாததால் எழுத்திலேயே சொல்கிறேன்.

வேலை மாறும் இடத்துக்கெல்லாம் கூடவே வரும் இந்த டிரெய்லர் வீட்டில் அடுப்பு, வெந்நீர்க் கலன், அறையைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஆகிய மூன்றும் புரொப்பேன் என்ற எரிவாயுவில்தான் இயங்குகின்றன. மின் இணைப்பு இல்லாத இடத்தில் நிறுத்தினால் குளிர்பதனப் பெட்டியும் அதே வாயுவுக்கு மாறிக்கொள்கிறது. பியூட்டேன் என்ற இன்னொரு எரிவாயு சுழிய டிகிரியை ஒட்டிய குளிரிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், ஆனால் புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி செல்சியஸ். கொலராடோ மலைப்பகுதியின் குளிர்காலத்தை அதனால்தான் அதை நம்பிக் கடக்க முடிகிறது.

டிரெய்லரின் முன்பக்கம், வண்டியோடு கொக்கி போடும் முக்கோணச் சட்டத்தின் மேல், இரண்டு சிலிண்டர்கள் அருகருகே நிற்கின்றன. ஒவ்வொன்றும் 30 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 13.6 கிலோ வாயு கொள்ளும். வெயிலில் திரவம் விரிவடைய இடம் வேண்டும் என்பதற்காக 80 சதவீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை. அந்த அளவு வந்ததும் வால்வுக்குள் இருக்கும் மிதவை தானே வழியை அடைத்துவிடுகிறது.

இரண்டு சிலிண்டர்களிலிருந்தும் வரும் குழாய்கள் நடுவிலுள்ள ஒரே ரெகுலேட்டரில் சேர்கின்றன. உங்கள் கேள்விக்கான விடை இந்தச் சிறிய கருவிதான். இதன் முகப்பில் ஒரு கைப்பிடி உண்டு; அது எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தச் சிலிண்டரிலிருந்து மட்டும் வாயு செல்லும். அதில் அழுத்தம் குறைந்துவிட்டால், இரண்டு வால்வுகளும் திறந்திருக்கும்பட்சத்தில், யாரும் தொடாமலேயே ரெகுலேட்டர் மற்றச் சிலிண்டரிலிருந்து வாயுவை எடுத்துக்கொள்ளும். அடுப்புச் சுடர் அசைவதில்லை, ஃபர்னஸ் அணைவதில்லை, தூங்குகிறவர்கள் விழிப்பதுமில்லை. கருவியின் மேலுள்ள சிறு கண்ணாடியில் பச்சையாக இருந்த குறி மட்டும் சிவப்பாகிவிடும்.

ஆக, இரவில் யாரும் இறங்கிப் போக வேண்டியதில்லை. ஆனால் எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடிக்காத இடமும் இதுவேதான். ஒரு சிலிண்டர் காலியானதை அது அவ்வளவு அமைதியாக மறைத்துவிடுகிறது. வெளியே போய்ச் சிவப்புக் குறியைப் பார்க்காதவன், இரண்டாவதும் தீர்ந்து வீடு குளிர்ந்த பிறகுதான் செய்தி அறிவான். ஒரு கேலன் (ஏறத்தாழ 3.8 லிட்டர்) புரொப்பேனில் ஏறக்குறைய 91,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது, மணிக்கு 30,000 பி.டி.யு. எரிக்கும் ஃபர்னஸ் ஒன்று இடைவிடாமல் ஓடினால், எங்களுடையதைப் போல ஏறத்தாழ 7 கேலன் கொண்ட சிலிண்டர் சுமார் 21 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஃபர்னஸ் விட்டுவிட்டுத்தான் எரியும் என்றாலும், கடுங்குளிரில் அந்த இடைவெளிகள் மிகவும் சுருங்கிவிடும்.

இதனால் இங்கே சிலர் இரண்டாவது சிலிண்டரின் வால்வை மூடியே வைத்திருக்கிறார்கள். முதலாவது தீர்ந்தால் அடுப்பு அணையும், உடனே தெரிந்துவிடும், கையிருப்பு முழுதாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். கோடையில் அது சரிதான். நள்ளிரவில் ஃபர்னஸ் நின்றால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கக் கூடிய பருவத்திலோ இரண்டையும் திறந்து வைப்பதுதான் அறிவுடைமை என்பது என் முடிவு. அதற்கு ஈடாகத் தினமும் காலையில் அந்தக் கண்ணாடியை ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.

சிவப்பு தெரிந்ததும் கைப்பிடியை நிறைந்த சிலிண்டரின் பக்கம் திருப்பினால் குறி மீண்டும் பச்சையாகும். பிறகு காலியானதன் வால்வை மூடி, கையாலேயே திருகக்கூடிய பெரிய பிளாஸ்டிக் திருகைக் கழற்றி, நிரப்ப எடுத்துச் செல்லலாம். அந்நேரம் வீட்டுக்குள் சமையல் நடந்துகொண்டே இருக்கும். கைப்பிடியைத் திருப்ப மறந்தால் புதிதாக நிரப்பி வந்த சிலிண்டரே மறுபடி முதன்மையாகி, பாதி தீர்ந்தது கையிருப்பாக நின்றுவிடும்; கணக்கு குழம்புவது அப்படித்தான். திரும்ப மாட்டும்போது வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். வேகமாகத் திறந்தால், குழாய் அறுந்து வாயு பாய்கிறது என்று கருதிப் பாதுகாப்பு அடைப்பு வழியைக் குறுக்கிவிடும். சிலிண்டர் நிறைந்திருந்தும் அடுப்பு மங்கலாக எரியும். மூடி, சிறிது பொறுத்து, நிதானமாகத் திறந்தால் சரியாகிவிடும்.

கசிவைப் பற்றி அம்மா கவலைப்படுவார்கள். ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும் இணைப்பில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறேன் என்று அவர்களிடம் சொல்லுங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே எச்சரிக்கை மணியையும் தரைக்குச் சற்று மேலேயே பொருத்தியிருக்கிறார்கள்.

சிலிண்டரின் கழுத்து வளையத்தில் அது செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். குறித்த காலம் கடந்ததை மறுசோதனை செய்து முத்திரை பெறாமல் நிரப்பித் தர மாட்டார்கள். எங்கள் இடப்பக்கச் சிலிண்டருக்கு அந்தக் காலம் நெருங்குகிறது. அடிப்பக்கம் கொஞ்சம் துருவும் தெரிவதால், சோதனைக்குக் கொடுக்காமல் புதிதாகவே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். துரு மேற்பூச்சோடு நிற்கிறதா, உலோகத்தை அரித்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதில் உங்கள் கண் எனக்கு வராது. படம் எடுத்துத் தம்பியின் கைபேசிக்கு அனுப்புகிறேன், பார்த்துவிட்டு உங்கள் கருத்தை எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகன்