குட்டி அசந்து தூங்குகிறதா, மயங்குகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிவாவா, மால்டீஸ், யார்க்‌ஷையர் டெரியர் போன்ற மிகச் சிறிய இன நாய்க்குட்டிகளை விற்பவர்கள் தடுப்பூசி அட்டையைத் தவறாமல் தருகிறார்கள். இரத்தச் சர்க்கரை குறைந்தால் அக்குட்டி சில மணி நேரத்திலேயே இறந்துவிடக்கூடும் என்பதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. வந்த முதல் நாள் உண்ணாமல் சுருண்டு கிடந்த குட்டியைச் சாது என்று மெச்சிக்கொண்டிருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இக்குட்டிகளின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகச் சொற்பம். தசையும் கொழுப்பும் அப்படியே. மூளைக்கோ இடைவிடாமல் சர்க்கரை வேண்டும். ஆகவே ஏறத்தாழ நான்கு மாத வயது வரை, ஒருவேளை உணவு தவறுவதும், பயணக் களைப்பும், குளிரில் நடுங்குவதும், குடற்புழுவும், வீட்டுப் பிள்ளைகள் ஓயவிடாமல் தூக்கிக் கொஞ்சுவதும்கூடச் சர்க்கரையைச் சரித்துவிடலாம். பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உணவளிப்பதும், பழகிய உணவை முதல் சில நாள்களுக்கு மாற்றாதிருப்பதும், கதகதப்பான படுக்கையும் போதிய உறக்கமும் தருவதுமே தடுப்பு வழிகள்.

தூங்கும் குட்டி கூப்பிட்டால் எழுந்து வரும். சர்க்கரை குறைந்த குட்டி எழுப்பினாலும் துவண்டு விழும். நடை தள்ளாடும், உடல் நடுங்கும், பார்வை நிலைகுத்தும், முற்றினால் வலிப்பு வரும். இந்த அறிகுறிகள் தெரிந்தவுடனே தேனையோ சர்க்கரைக் கரைசலையோ விரலில் தொட்டு ஈறுகளில் தடவி, துணியால் போர்த்தி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது; அது நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பின்போது வாய்க்குள் விரலை விடவும் கூடாது. தேன் தடவியதும் குட்டி தெளிந்துவிட்டதே என்று மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. அந்தத் தெளிவு சிறிது நேரமே நிற்கும் என்பதால், விழுங்கும் நிலைக்கு வந்தவுடன் உணவும் கொடுக்க வேண்டும். சர்க்கரை இல்லாத இனிப்புகளில் உள்ள சைலிட்டால் நாய்களின் இன்சுலினைத் தூண்டிச் சர்க்கரையை மேலும் வீழ்த்தும் நஞ்சு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

குட்டி கடைசியாக உண்ட நேரம், அளவு, உணவின் பெயர் ஆகிய மூன்றையும் விற்பவரே தடுப்பூசி அட்டையில் எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்