தைராய்டு மாத்திரையும் ஆறு வாரமும்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதமும் உடன் வைத்திருந்த இரத்தப் பரிசோதனைத் தாளின் நகலும் நேற்றுக் கிடைத்தன. தங்கைக்குத் தைராய்டு குறைவு என்று மருத்துவர் சொல்ல, தாளில் மட்டும் டி.எஸ்.எச். 18 என்று ஏறியிருக்கிறதே, குறைவு என்றால் எண் ஏன் ஏறவேண்டும் என்று கேட்டிருக்கிறாய். முப்பது ஆண்டுகள் விலங்கியல் நடத்தியும், வகுப்பில் ஒரு மாணவன்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை.

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பது அன்று. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, கழுத்திலுள்ள தைராய்டை 'இன்னும் சுர' என்று தூண்டுவதற்காக இரத்தத்தில் விடுவது அது. கடைமடையில் விவசாயம் செய்கிற உனக்கு இதை விளக்குவது எளிது: வாய்க்காலில் தண்ணீர் குறையக் குறையக் கடைமடைக்காரர் போடும் சத்தம் கூடுகிறது, தண்ணீர் வந்ததும் அடங்கிவிடுகிறது. தாளில் நீ பார்த்த 18 அந்தச் சத்தத்தின் அளவு. தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் என்ற ஹார்மோன் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறத்தாழ நூறு மடங்கு ஏறக்கூடும் என்பதால், தைராக்ஸின் இன்னும் இயல்பு எல்லைக்குள் இருக்கும்போதே இந்த எண் குறையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பாடநூலில் இருந்தபடி பிட்யூட்டரியைத் 'தலைமைச் சுரப்பி' என்று நானும் கரும்பலகையில் எழுதிப்போட்டவன்தான். இன்று எழுதச் சொன்னால் தயங்குவேன். இரத்தத்தில் எவ்வளவு தைராக்ஸின் ஓடுகிறது என்று ஓயாமல் கவனித்து அதற்கேற்பத் தன் குரலை ஏற்றி இறக்குகிற ஒன்றை, அதுவும் மேலேயுள்ள ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதியின் சொல்லையும் கேட்டு நடக்கிற ஒன்றை, தலைமை என்று எப்படிச் சொல்வது?

இனி நீ கவலையோடு கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். மாத்திரை தொடங்கி இரண்டு வாரமாகியும் அசதியும் குளிரும் போகவில்லை, ஒன்றை இரண்டாக்கலாமா என்கிறாய். மருத்துவரைக் கேட்காமல் ஆக்கிவிடாதே. மாத்திரையில் இருப்பதும் தைராக்ஸின்தான்; அது இரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். அதனால் அன்றாடம் போடும் மாத்திரை முந்தைய நாள்களின் மிச்சத்தோடு சேர்ந்து சேர்ந்துதான் ஒரு நிலையான மட்டத்துக்கு வரும், அதற்கு ஐந்தாறு வாரம் வேண்டும். மேட்டூரில் திறந்த தண்ணீர் மறுநாளே உன் வயலுக்கு வருவதில்லை அல்லவா? மறுபரிசோதனைக்கு ஆறு வாரம் கழித்து வரச் சொன்னது இதனால்தான். அவசரப்பட்டுக் கூட்டினால், அளவு மிஞ்சியது தெரியவருவதற்குள் படபடப்பும் தூக்கமின்மையும் வந்துவிடும்.

காலமெல்லாம் மாத்திரையா என்று தங்கை வருந்துவதாக எழுதியிருந்தாய். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரி என்ற மருத்துவர், தைராய்டு குறைவால் உடல் வீங்கி, பேச்சும் நினைவும் மந்தமாகிப் போயிருந்த 46 வயதுப் பெண் ஒருவருக்குச் செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே செலுத்தினார். பின்னர் அதையே வாய்வழியாகக் கொடுத்தார். அந்த அம்மாள் தேறி எழுந்து, 28 ஆண்டுகள் வாழ்ந்து, 74ஆம் வயதில்தான் மறைந்தார். அதற்குள் அவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு செலவாகியிருந்தது! தங்கைக்கு வேண்டியிருப்பது சில பத்து மைக்ரோகிராம் கொண்ட ஒரு சிறு வில்லை; சுரப்பி தராததை வெளியிலிருந்து ஈடுசெய்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் அதைப் போடும் முறையில் கவனம் வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காப்பிக்கு ஒரு மணி நேரமாவது காத்திருக்கச் சொல். என் அக்கா பல ஆண்டுகளாக இதே மாத்திரையில் இருக்கிறார். சென்ற ஆண்டு முழங்கால் வலிக்காகக் கால்சியம் மாத்திரை தொடங்கி, மறந்துவிடக் கூடாதென்று இரண்டையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டார். நன்றாக இருந்த எண் மூன்றே மாதத்தில் ஏறிவிட்டது, காரணம் புரியாமல் குடும்பமே குழம்பினோம். கால்சியமும் இரும்புச்சத்தும் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்து நிறுத்திவிடும். நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். தங்கைக்கு இரும்புச்சத்து மாத்திரை ஏதும் உண்டா என்பதை நீ எழுதவில்லை.

ஆறாம் வாரத் தாள் வந்ததும் எண்ணை எழுது. இரத்தம் கொடுக்கும் அன்று காலை மாத்திரையை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்.

அன்புடன்,
ராமநாதன்