சாமஸ் திரும்பி வருகிறாள்

பட்டர்வொர்த்,
ஜூலை 2017.

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, காலையில் நடக்கப் போகிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் 'ஆமாம்மா' என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை.

போன வாரம் நீ வாட்ஸாப்பில் எழுதியதற்கு அங்கேயே இரண்டு வரி பதில் போட எனக்கு மனசு வரவில்லை. ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸில் ஈ3 என்கிற வீடியோ கேம் கண்காட்சி நடந்தபோது, நடுராத்திரி என்றும் பார்க்காமல் போன் செய்து, 'மெட்ராய்டு ரெண்டாவது கேம் புதுசா வருதும்மா!' என்று சொன்ன பிள்ளை நீ. இப்போது அதே நீ, செப்டம்பர் 15 வந்தாலும் வாங்கப் போவதில்லை, வாங்கினால் துரோகம் என்று உன் சிநேகிதர்கள் சொல்வது சரிதான் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்கு வருத்தமாகிவிட்டது. நீ வாங்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

உன் சிநேகிதர்களின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. மில்டன் குவாஸ்டி என்ற அந்த அர்ஜென்டினாக்காரர் சம்பளம் வாங்காமல், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, கிட்டத்தட்ட பத்து வருடம் உழைத்து, நிண்டெண்டோவின் பழைய கேமான மெட்ராய்டு இரண்டைத் தானே திரும்பச் செய்தார். ஏஎம்2ஆர் என்று பெயர் வைத்து, போன வருடம் ஆகஸ்ட் 6 அன்று, முதல் மெட்ராய்டு வெளிவந்த முப்பதாவது வருட நாளில், காசு வாங்காமல் எல்லோருக்கும் கொடுத்தார். ஓரிரு நாளிலேயே நிண்டெண்டோவின் வக்கீல் நோட்டீஸ் போய், பதிவிறக்கும் இணைப்புகள் எல்லாம் எடுக்கப்பட்டன. பத்து மாதம்தான் ஆகியிருக்கும், அதே கேமைத் தாங்களே செய்து விற்கப் போவதாக நிண்டெண்டோ அறிவித்தது. கேட்கிற யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் குவாஸ்டி அப்போது என்ன சொன்னார் என்பதையும் உன் சிநேகிதர்களுக்கு நினைவுபடுத்து. நிண்டெண்டோவை வெறுக்காதீர்கள், வசவுக் கடிதம் அனுப்புவதை விட்டுவிட்டுப் பழைய மெட்ராய்டு இரண்டை வாங்குங்கள், இந்த மாதிரிப் பக்கவாட்டில் ஓடும் மெட்ராய்டுக்கு இன்னும் ஆள் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்றார். பத்து வருட உழைப்பைப் பறிகொடுத்தவர் சொன்ன வார்த்தை அது. அவர் பெயரைச் சொல்லி நீங்கள் சண்டை போடுவதானால் அவர் கேட்டுக்கொண்டதையும் செய்யத்தானே வேண்டும்?

இன்னொன்றையும் யோசித்துப் பார். நீ ஜீரோ மிஷன் என்ற மெட்ராய்டு கேமை ஆடியது 2004-இல், கேம் பாய் அட்வான்ஸில். அதற்குப் பிறகு இந்த வகையில் ஒன்றுகூட வரவில்லை. பதின்மூன்று வருடம். நடுவில் வந்தவை எல்லாம் வேறு வேறு தினுசு. 2015-இல் ஃபெடரேஷன் ஃபோர்ஸ் என்ற மெட்ராய்டு கேமை அறிவித்தபோது அதை நிறுத்தச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்களே, நீயும் போட்டாய். 'எங்களுக்கு வேண்டியது இது இல்லை' என்றுதானே அத்தனை பேரும் சொன்னீர்கள்? இப்போது வேண்டியது வருகிறது. நிண்டெண்டோவின் புதுக் கருவியான ஸ்விட்சில் வராமல் பழைய 3டிஎஸ்ஸில் வருகிறதே என்று ஒரு குறை, செய்வது ஸ்பெயினில் இருக்கிற மெர்குரிஸ்டீம் என்ற கம்பெனி ஆயிற்றே என்று ஒரு பயம். சரி, அதெல்லாம் இருக்கட்டும். முதல் கேமிலேயே வேலை செய்த யோஷியோ சகாமோட்டோ இதற்கும் தயாரிப்பாளர். வரட்டும், ஆடிப் பார்ப்போம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நீ ஏஎம்2ஆரை வண்ணத்தில், பெரிய திரையில் ஆடினாய். பழைய கேமை நீ முடித்ததே இல்லை. உனக்கு விவரம் தெரியும் வயதில் என் கேசட்டுக்குள் இருந்த சின்ன பேட்டரி செத்துப்போய், சேமித்து வைத்தது எதுவும் நிற்காமல் போய்விட்டது. அதனால் அது எப்படி இருந்தது என்று உனக்கு எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

கல்யாணத்துக்கு முன்னால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நான் வேலை செய்தேன் இல்லையா, அப்போது என் வரிசையில் இருந்த ஒரு சீனப் பெண் சிங்கப்பூர் போகும்போது கையில் வைத்து ஆடுகிற தன் கேம் பாயை எனக்கு விற்றாள். கூடவே மெட்ராய்டு இரண்டு, இந்த ஒரு கேசட். நாளெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சிப்புகளைப் பார்ப்போம், வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பாலத்தைத் தாண்டி வீடு வந்து சேர வெகுநேரம் ஆகும். அந்தக் கேம் பாயின் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. பஸ்ஸிலும் விளக்கை அணைத்துவிடுவார்கள். பாலத்து விளக்குக் கம்பம் ஒவ்வொன்றாகக் கடந்து போகும்போது ஜன்னல் வழியாக வெளிச்சம் ஒரு கணம் திரையில் விழும். அந்த ஒரு கணத்தில், கேமின் நாயகி சாமஸ் எங்கே நிற்கிறாள், முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அடுத்த கம்பம் வரும்வரை இருட்டிலேயே பொத்தானை அழுத்துவேன்.

பச்சையும் சாம்பலும் கலந்த நான்கே நிழல்கள்தான் அந்தத் திரையில். குறுக்கே 160 புள்ளி, நெடுக்கே 144. அதில் சாமஸைப் பெரிதாக வரைந்திருந்தார்கள், அதனால் அவளைச் சுற்றிக் கொஞ்ச இடம்தான் தெரியும். அடுத்த எட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வரைபடமும் கிடையாது. வீணாய்ப் போன படிவங்களின் பின்பக்கத்தில் நானே வரைந்து வைத்தேன். அந்தத் தாள்களை வீடு மாறும்போது உன் பாட்டி பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்.

உனக்குப் பிடித்த அந்த உருண்டைத் தோள்பட்டை இருக்கிறதே, அதுவும் இந்தத் திரையால் வந்ததுதான். முதல் கேமில் வேரியா என்ற பாதுகாப்பு உடை கிடைத்தால் சாமஸின் நிறம் மாறும். கேம் பாயில் ஏது நிறம்? பார்த்தவுடன் வித்தியாசம் தெரிய வேண்டும் என்று தோளைப் பெரிய உருண்டையாக்கினார்கள். அதற்குப் பிறகு வண்ணத் திரை வந்தும் அந்தத் தோளை யாரும் எடுக்கவில்லை. இல்லாத நிறத்துக்கு ஈடாக வந்தது, இன்று அவளுடைய அடையாளமாகவே நின்றுவிட்டது. புதிதாகச் செய்பவர்களிடம் எல்லாமே இருக்கிறது. இரண்டு திரை, நிறம், கண்ணுக்கு ஆழமாகத் தெரிகிற பின்னணி, கீழ்த்திரையில் எப்போதும் வரைபடம். இதில் எதற்கும் நான் எதிரி இல்லை. வரைபடம் இல்லாமல் தவித்தவளுக்கு அதன் அருமை தெரியும். எந்தப் பக்கமும் திருப்பிச் சுடலாம் என்பதும் நல்லதுதான்.

எனக்கு உறுத்துவது அந்த அடி மட்டும்தான். பிராணி பாய்ந்து வருகிற நேரம் பார்த்துக் கையால் ஓங்கி அடித்துவிட்டுச் சுடுவது என்று காட்டினார்களே, அது. உன் சிநேகிதர்கள் அது வேகத்தைக் கெடுக்கும் என்கிறார்கள். என் கவலை வேறு. பழைய கேமில் அந்தக் குகைகளில் இருந்த பிராணிகளில் பாதிக்கு மேல் சாமஸைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. சுவரில் ஊர்ந்துகொண்டு, மேலும் கீழும் பறந்துகொண்டு, அதனதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த எஸ்ஆர்388 கிரகம் அவற்றின் வீடு. வெளியிலிருந்து துப்பாக்கியோடு வந்தவள் நாம். இப்போது நாம் திருப்பி அடிப்பதற்கென்றே ஒவ்வொன்றும் நம்மைப் பார்த்துப் பாய்ந்து வர வேண்டும் என்றால், வீடு போய்ச் சண்டைக்களம் ஆகிவிடும். அந்த வித்தியாசம் இந்தக் கேமில் ரொம்ப முக்கியம், ஏனென்றால் மற்ற மெட்ராய்டு கேம்களைப் போல இது இல்லை.

இதில் அவளை அனுப்புவதே கொல்லத்தான். கிரகத்தில் இருக்கிற மெட்ராய்டு என்கிற பிராணி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்பது உத்தரவு. திரையின் கீழ் மூலையில் 39 என்று ஓர் எண் நிற்கும். ஒன்றைக் கொன்றால் 38. சில எண்கள் குறைந்ததும் பூமி அதிரும், கீழே நிறைந்திருக்கும் அமிலம் வடியும், இன்னும் ஆழமாக இறங்கலாம். மெட்ராய்டு கிட்டத்தில் இருக்கிறது என்று எழுதிக் காட்ட மாட்டார்கள். அது உரித்துப் போட்ட வெறும் கூடு தரையில் கிடக்கும். அதைப் பார்த்ததுமே எனக்குக் கை வேர்த்துவிடும். பாட்டு என்று சொல்ல முடியாத ஒரு சத்தம், எங்கோ தண்ணீர் சொட்டுகிற மாதிரி. பல பேருக்கு அது பிடிக்கவில்லையாம். எனக்கு அந்தக் கேமில் பாதி அதுதான்.

இறங்க இறங்க, நாம் செய்வது நல்ல காரியமா என்றே சந்தேகம் வந்துவிடும். கடைசியில் எண் ஒன்றுக்கு வந்து, முடிந்தது என்று நினைக்கும்போது சட்டென்று ஒன்பதாக ஏறும் பார், அந்த இடத்தில் பஸ் நின்றதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். டிரைவர்தான் வந்து கூப்பிட்டார். ராணி மெட்ராய்டையும் கொன்ற பிறகு ஒரே ஒரு முட்டை. அது பொரிந்து குஞ்சு வெளியே வருகிறது. சாமஸைத் தாயென்று நினைத்துப் பின்னாலேயே வருகிறது. அவள் சுடவில்லை.

ஏன் சுடவில்லை என்று ஒரு வார்த்தை திரையில் வராது. அதற்கப்புறம் செய்ய வேண்டியது ஒன்றுதான், மேலே ஏறிக் கப்பலுக்குப் போவது. முதல் கேமின் முடிவில் வெடிக்கப் போகிறது, ஓடு ஓடு என்று கடிகாரம் துரத்தும். இதில் கடிகாரம் இல்லை, எதிரி இல்லை. வழியை அடைத்திருப்பதைக் குஞ்சு தின்று திறந்துவிடும், நாம் ஏறுவோம். அவ்வளவு நேரம் பயமுறுத்திய கேம், அங்கே மெதுவாக, இதமாக ஒரு பாட்டு வாசிக்கும். அத்தனை கொலையும் செய்த கைக்குத் தான் என்ன செய்தோம் என்று யோசிக்க நேரம் கொடுக்கிறார்கள். 1991-இல், அவ்வளவு சின்ன கேசட்டில், பேச்சே இல்லாமல் இதைச் செய்தார்கள். கேம் பாயை உருவாக்கிய குன்பே யோக்கோய்தான் அந்தக் கேமுக்கும் தயாரிப்பாளர். 1997-இல் ஒரு சாலை விபத்தில் போய்விட்டார் அந்த மனுஷர்.

புதிதாகச் செய்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நிறத்தை மாற்றட்டும், அடியைச் சேர்க்கட்டும், புது இடங்கள் கட்டட்டும். அந்தக் கடைசி ஏற்றத்தில் மட்டும் எதையும் வைக்க வேண்டாம். பெரிய கேம் என்றால் முடிவில் பெரிய சண்டை வேண்டும் என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். இங்கே அது வேண்டாம். ராணியோடு சண்டை முடிந்துவிட்டது. குவாஸ்டிக்கு இது புரிந்திருந்தது, அவருடைய கேமிலும் அந்த ஏற்றம் அமைதியாகவே இருந்தது என்று நீதான் என்னிடம் சொன்னாய். மெர்குரிஸ்டீம்காரர்களும் இதைச் சின்ன வயதில் ஆடிய பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஒருவேளை அவர்கள் அங்கே எதையாவது வைத்துவிட்டாலும், நீ வாங்கியது வீண் என்று சொல்ல மாட்டேன். ஏஎம்2ஆர் உன் கணினியில் இருக்கிறது, என் கேசட் அலமாரியில் இருக்கிறது. புதியது வந்ததால் அவை இல்லாமல் போகப் போவதில்லை. ஆனால் நம்மிடம் இருக்கிற இந்த இரண்டும் கிடைக்காத பிள்ளைகள் எத்தனை பேர்? உன் அக்கா மகனுக்கு வயது ஏழு. அவனுக்கு இந்தக் கிரகத்தின் வாசல் செப்டம்பரில்தான் திறக்கப் போகிறது. பழைய திரையைக் கொடுத்தால் அவன் ஐந்து நிமிஷம்கூடப் பார்க்க மாட்டான், அது அவன் தப்பும் இல்லை.

அதனால் வாங்கு தம்பி. வாங்கிவிட்டு, பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல். ஆடாமலேயே ஆடியவர்களோடு சண்டை போடாதே. வாங்கப் போகிறேன் என்று எழுதிய ஒரு பையனை நீங்கள் எல்லோரும் சேர்ந்து பேசிய பேச்சை அக்கா எனக்குக் காட்டினாள். அவனும் உன்னைப் போலப் பதின்மூன்று வருடம் காத்திருந்தவனாக இருக்கலாம். அவனிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிவிடு.

தீபாவளிக்கு வரும்போது உன் 3டிஎஸ்ஸையும் எடுத்து வா, சார்ஜரை மறக்காதே. அதற்குள் நீ முடித்திருப்பாய், முடிவு எப்படி என்று போனில் சொல்லிவிடாதே. அக்காவுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு வாரம் லீவு போதுமா என்று தெரியவில்லை, முடிந்தால் இரண்டு மூன்று நாள் கூட்டிப் போட்டு வா. எனக்கு இப்போது கண் கொஞ்சம் மந்தம், கையும் அவ்வளவு வேகம் இல்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்திரு, ஆனால் நான் கேட்காமல் வழி சொல்லக் கூடாது.

அன்புடன்,
அம்மா